கதவு மட்டும்

மார்ச் 4
"கதவைத் திறந்து காட்டுங்கள்" என்று இன்று நான் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவள் நான்தான். முதியோர் இல்லத்தின் கணக்கைச் சரிபார்க்க ஆடிட்டர் என்னைத்தான் அனுப்பினார். நன்கொடையில் போட்ட புது லிஃப்டை நேரில் பார்த்து எழுத வேண்டும். பார்த்தேன். பளபளக்கும் கதவு, பட்டன், நன்கொடையாளருடைய அம்மாவின் பெயர் பொறித்த கல். பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை.

"மேல இருக்கும்மா, மெதுவாத்தான் வரும்" என்றார் அறக்கட்டளைத் தலைவர். பிரார்த்தனையிலும் பொய்யிலும் ஒரே சிரிப்பு. அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் புன்னகை. கூடவே, "உங்க அத்தைய ஒரு பைசா வாங்காம பாத்துக்கறோம், தெரியும்ல?"

தெரியும். முழங்கால் போனதிலிருந்து அத்தை இரண்டாம் மாடியைவிட்டு இறங்கியதே இல்லை.

மார்ச் 5
அத்தையிடம் கேட்டேன், மாடியில் லிஃப்ட் கதவு எங்கே என்று.

"இங்க ஏதுடி கதவு? வெறும் சுவருதான். கீழ திறப்பு விழா நடந்துச்சு. கைதட்டினது இங்க வரைக்கும் கேட்டுச்சு."

கதவை மட்டும் வாங்கியிருக்கிறார்கள்! திருட்டில்கூடச் சோம்பல்.

மார்ச் 7
ஆடிட்டர் சொன்னார்: "கதவப் பாத்தேல்ல? அப்ப எழுது. தர்ம காரியம்மா, நோண்டாத."

முப்பது வருட அனுபவம் — கதவுக்குப் பின்னால் என்ன என்று கேட்காமலிருக்கும் அனுபவம்.

மார்ச் 8
வாயைத் திறந்தால் அத்தையின் கட்டில் போய்விடும். அவளிடமே சொன்னேன்.

"உன் ரூம் எத்தனாவது மாடி?" என்று கேட்டாள்.

"கீழ்த்தளம்."

"அப்புறம் என்னடி யோசனை?"

மார்ச் 9
நன்கொடையாளருக்குப் போன் செய்தேன். புகார் எதுவும் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவை அவர் பேரிலுள்ள லிஃப்டில் ஒருமுறை ஏற்றிப் பாருங்களேன் என்றேன், அவ்வளவுதான்.

மார்ச் 16
வந்தார்கள். அந்த அம்மாவே பட்டனை அமுக்கினார். காத்திருந்தார். புன்னகை வழக்கம்போல், "மேல இருக்கும்மா."

"அப்ப நீ போய்க் கூட்டிட்டு வா."

புன்னகை படியேறிப் போனது. இறங்கி வரவில்லை. மகன் ஆள் வைத்துக் கதவை நெம்பினார். பின்னால் செங்கல் சுவர். பூச்சுகூட இல்லை.

மார்ச் 18
எனக்கு வேலை போயிற்று.

மார்ச் 20
நன்கொடையாளர் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணை முடியும்வரை புன்னகைதான் தலைவராம்.

அத்தையின் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று காலை, என் ரூமுக்குக் கூட்டிவர, நான்கு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி, படி வழியாக இறக்கினார்கள்.