தங்கும் வாசனை

வளப்பூர் நாடு,
கொல்லிமலை.
ஆனி மாதம்.

அன்புள்ள சித்திகாவுக்கு,

கோகிலவாணி எழுதிக்கொள்வது. நானும் உன் செல்வம் அண்ணனும் குட்டி யமுனாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாக உன் வீட்டுக்காரர் ரமீஸ் அண்ணன் நேரிலேயே வந்து சொல்லிவிட்டார். கூடவே, நீ இளைத்துவிட்டாய் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. அவர் அங்கே திரும்பி வரும்போது பாதி ஆளாக நிற்காதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ரமீஸ் அண்ணன் லீவு முடிந்து கிளம்புகிறார், அவர் பையில் உனக்கு ஒரு பார்சல் வைக்கிறேன். அதில் இருப்பதெல்லாம் என்ன ஏது என்று எழுதாவிட்டால் உனக்குப் புரியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் போனில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாய்.

முதலில் உன் புத்தகம். பிரான்சில் போர்தோவின் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க வரும் நம் ஆட்களுக்காக நீ தமிழில் எழுதும் வழிகாட்டியின் பக்கங்கள் வந்து சேர்ந்தன. படித்துவிட்டேன். ஆற்றுக்கு ஒரு கரையில் கூழாங்கல் மண், மறு கரையில் களிமண், மண் மாறினால் சிவப்பு ஒயினின் குணமும் மாறும் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்கே புரிந்தது. சத்தமாகப் படித்துக் காட்டினேன், உன் அண்ணன் ஒரே சிரிப்பு. அந்த ஊரில் கொடியை இடுப்புக்கு மேல் வளர விடமாட்டார்களாமே, நம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறி நிற்பதைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள் என்கிறார். ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ரோஜாச் செடி வைப்பார்கள், நோய் வந்தால் முதலில் ரோஜாவில் தெரிந்துவிடும் என்ற இடத்தில் மட்டும் சிரிக்காமல் திரும்பப் படிக்கச் சொன்னார்.

ஆனால் வாசனைப் பக்கங்களில் கோட்டை விட்டுவிட்டாய், சித்தி. எதைத் தொட்டாலும் நறுமணம், நறுமணம். காலேஜில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் படித்தவள் எழுதுகிற எழுத்தா இது? 'காட்டுத் தரையின் நறுமணம்' என்று ஓரிடத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் காட்டுத் தரையை மிதிப்பார்கள், யாரும் முகர்ந்து பார்த்ததாகக் கேள்விப்படவில்லை.

ஒயினை வாயில் வைக்க மாட்டேன், முகர்ந்து பார்த்துத்தான் எழுதுகிறேன், அதனால் வார்த்தை பஞ்சமாக இருக்கிறது, ஹாஸ்டலிலேயே பெரிய மூக்குக்காரி நீதான், உதவி செய் என்று கேட்டிருந்தாய். மாடியில் படுத்துக்கொண்டே கீழே மெஸ்ஸில் சாம்பார் அடிப்பிடித்ததைச் சொன்னவள் நான் என்பது உண்மைதான். அந்த மூக்கு இப்போது இல்லை, சித்தி. யமுனா வயிற்றில் இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். காய்ச்சல் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகையும் தெரியாது, மண்ணெண்ணெயும் தெரியாது. சேலத்து டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகும், தினமும் எலுமிச்சையும் கிராம்பும் முகர்ந்து பழகுங்கள் என்றார். பழகினேன். கிராம்புதான் தீர்ந்தது.

இத்தனை நாள் உன்னிடம் மறைத்ததற்குத் திட்டாதே. தூரத்தில் இருக்கிறவளை எதற்குக் கலங்க வைப்பது என்று விட்டுவிட்டேன். காலையில் பால், தயிர், பழைய குழம்பு எல்லாவற்றையும் உன் அண்ணன்தான் முகர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார். கேஸ் அடுப்பை இரண்டு தடவை பார்ப்பார். எங்கள் வீட்டு வரிசை முனையில் நிற்கிற ரோஜாச் செடி அவர்தான்.

அதனால் உனக்கு வேண்டிய வாசனைகளை நான் ஊரெல்லாம் பிச்சை எடுத்துத்தான் சேர்த்தேன். அந்த ஊர்க் கறுப்புப் பழத்தின் பெயரைப் போட்டால் நம் ஆட்களுக்கு என்ன தெரியும்? நாவல்பழம் என்று எழுது. சர்க்கரையில் ஊறப்போட்டு ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். காட்டுத் தரைக்கு, சோளக்காட்டுச் சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் பெருமாயி அக்கா சொன்னது: மழை விட்ட மறுநாள் பலாமரத்தடிச் சருகைக் கிளறினால் வருமே, அது. சருகும் ஒரு பொட்டலம் இருக்கிறது. ஏர்போர்ட்டில் கேட்டால் ரமீஸ் அண்ணன் என்ன சொல்லிச் சமாளிப்பாரோ. தோல் வாசனைக்கு, வெயிலில் கிடந்த மாட்டுக் கழுத்துப்பட்டை என்கிறார் உன் அண்ணன். பென்சில் சீவலை அப்படியே விட்டுவிடு, ஒன்றாம் வகுப்பு டப்பாவைத் திறந்தவர்களுக்கெல்லாம் அது தெரியும்.

உன் அத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஒயின் வேலையை அவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று உனக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியும். போன வாரம் வியாபாரத்துக்கு மிளகு வாங்கச் சோளக்காட்டுக்கு வந்திருந்தார். யமுனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மூட்டையோடு நின்றேன். உன் அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். அத்தா ஒரு மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். மழையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. கட்டி வைத்தவள் நான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மெதுவாக, "ஏங்கண்ணு, உனக்கு மூக்கு வேலை செய்யறதில்லையா?" என்று கேட்டார். எத்தனையோ பேரிடம் சமாளித்த எனக்கு அவரிடம் பொய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மூட்டையை அவரே கட்டி ஓரமாக வைத்து, பிரித்து வெயிலில் போடச் சொன்னார்.

பிறகு உன் பேச்சு வந்தது. வேலை என்னவென்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, சித்தி. நீ சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். "நானும் மோந்து பாத்துத்தானே பொழைக்கறேன். எம்புள்ள குடிக்கமாட்டா, அது எனக்குத் தெரியாதா?" என்றார். அம்மாவிடம் அவரே பக்குவமாக எடுத்துச் சொல்வதாகவும் சொன்னார். அதனால் அந்தக் கவலையை இன்றோடு விடு. நீயே ஒரு போன் போட்டுப் பேசிவிடு, பாவம் மனிதர்.

கிளம்பும்போது யமுனாவை வாங்கி உச்சி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் அப்படியே. எனக்கு வயிறு எரிந்தது. உன் அத்தாவைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவாயா?

பிள்ளையைக் கொஞ்சுவதற்கு நம் மொழியில் உச்சி முகர்தல் என்றுதான் பேர். நான் தினமும் அவள் உச்சியில் மூக்கை வைக்கிறேன். சூடு தெரிகிறது, முடி குத்துகிறது. அவ்வளவுதான். என் அம்மா புடவை, நம் ஹாஸ்டல் வராந்தா, உன் மருதாணிக் கை எல்லாம் ஞாபகத்தில் அப்படியே இருக்கின்றன. அவையெல்லாம் காய்ச்சலுக்கு முன்னால் வந்தவை. இவள் பின்னால் வந்தவள். பெற்ற பிள்ளையின் வாசனை எனக்குத் தெரியாது, சித்தி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணனிடம்கூட.

அவரிடம் ஒரு நாள் சும்மா கேட்பதுபோல, இவள் எப்படி மணக்கிறாள் என்று கேட்டேன். குழந்தை வாசம்தான், வேறென்ன என்றார். அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. எதற்கு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. மறுநாள் அவராகவே வந்து, கொஞ்சம் பால், கொஞ்சம் வேர்வை, அப்புறம் என்னமோ ஒன்று, அதைச் சொல்லத் தெரியவில்லை என்றார். அந்த என்னமோ ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

உன் பக்கங்களில் ஒயினை முகரும் முறையை அழகாக எழுதியிருக்கிறாய். முதலில் கிண்ணத்தை அசைக்காமல் முகர வேண்டும். பிறகு சுழற்றிவிட்டு முகர்ந்தால் உள்ளே ஒளிந்திருந்தது வெளியே வரும். கடைசியில், எல்லாம் போன பிறகு எது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். அந்தக் கடைசிக்கு நீ 'முடிவு' என்று போட்டிருக்கிறாய். அதை அடித்துவிடு. தங்கும் வாசனை என்று எழுது.

வருகிற கோடையில்தான் வருவேன் என்று ரமீஸ் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். பெருமாயி அக்கா சொல்கிறாள், பிள்ளை ஓடியாட ஆரம்பித்தால் அந்த வாசம் போய்விடுமாம். யமுனா இப்போதே சுவரைப் பிடித்து நிற்கிறாள். அந்த ஊரில் திராட்சை பறித்து முடித்ததும், புத்தகம் முடிந்ததோ இல்லையோ, கிளம்பி வந்துவிடு. அவள் தூங்கும்போது, அசைக்காமல், முதலில் ஒரு தடவை உச்சி முகர்ந்து பார். விளையாடி வேர்த்து உன் மடியில் வந்து விழும்போது இன்னொரு தடவை. பிறகு நீ ஊருக்குத் திரும்பி, பெட்டியைத் திறந்து, அவளைத் தூக்கி வைத்திருந்த புடவையை எடுத்துப் பார். எது தங்கியிருக்கிறதோ அதை எனக்கு எழுது. நறுமணம் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் மூக்குக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நீயும் ரமீஸ் அண்ணனும் நூறு வருடம் நன்றாக இருங்கள். யமுனாவின் கையை மையில் தோய்த்துக் கடிதத்தின் ஓரத்தில் பதித்திருக்கிறேன். முகர்ந்து பார், மை வாசனைதான் வரும் என்கிறார் உன் அண்ணன். எதற்கும் பார்.

சீக்கிரம் வா.

உன்,
கோகிலா