என் கண், அவர் கையெழுத்து

14-3-1971, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். நாணயச் சங்கத்திலிருந்து இந்த வாரமும் காசுகள் வந்திருக்கின்றன. இவர் ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்துத் தருவார். நான் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வேன். நான் சொன்னதை அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அரக்கு வைப்பது இவர் வேலை. புழங்கியது, புழங்காதது, ப்ரூஃப் - இந்த மூன்றில் ஒன்று. ப்ரூஃப் என்றால் சேகரிப்பவர்களுக்கென்றே பம்பாயில் தனியாக அடிப்பது. முகம் பார்க்கலாம், அப்படி இருக்கும்.

"ஹென்றி அட்டை இருந்தா கண்ண மூடிகினு வாங்கலாம்" என்று கல்மண்டபத்துச் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். இவரே வந்து பூரிப்பாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு! சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இவர் கண்ணில் புரை விழுந்தது வெளியில் யாருக்கும் தெரியாது. ஆபீசில் எப்படியோ சமாளிக்கிறார். காசின் ஓரத்துப் பல் மட்டும் இவருக்குத் தெரிவதில்லை. கல்யாணத்துக்கு முன் கான்வென்டில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவள் நான். இழை பிசகினால் தூரத்திலிருந்தே தெரியும். காசு அதைவிடச் சுலபம்.

சுலபம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் எனக்கு அது எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை யாரிடம் சொல்ல? வாரம் முழுக்கக் காத்திருப்பது இந்த ஒரு காலைக்குத்தான்.

18-4-1971

இன்று கேட்டே விட்டேன். "அட்டையில கீழ சின்னதா என் பேரையும் போடுங்களேன்."

"சங்கத்துல பொம்பளைங்க மெம்பரே கிடையாது எல்சி. சிரிப்பாங்க."

யார் சிரிப்பார்கள்? காசா?

11-7-1971, ஞாயிறு

தாமோதரன் வீட்டுக்கே வந்தார். சங்கத் தலைவர். அது மட்டுமென்றால் பரவாயில்லை. ஹார்பரில் கிளியரிங் ஏஜென்ட், இவருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளியும் அவர்தான். காபி குடித்துவிட்டு, பட்டுத் துணியில் சுற்றிய காசு ஒன்றை மேசையில் வைத்தார். காந்தி நூற்றாண்டுக்கு அடித்த வெள்ளிப் பத்து ரூபாய்.

"ப்ரூஃப். நீ பாக்கவே வேணாம் ஹென்றி. அட்ட மட்டும் போட்டு வெச்சிடு."

அவர் போனதும் பார்த்தேன். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. காந்தியின் காது பக்கத்தில் மயிரிழைக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில். சாதாரணக் காசை யாரோ மெழுகும் துணியும் வைத்து ப்ரூஃப் மாதிரித் தேய்த்திருக்கிறார்கள்.

"இது தேய்ச்ச காசு" என்றேன்.

"சரியாப் பாரு."

பார்த்தேன். "தேய்ச்சதுதாங்க. சந்தேகமே இல்ல."

"முதலாளி கொண்டாந்தது எல்சி."

"யாரு கொண்டாந்தா இன்னா?"

"உனக்கு இன்னா தெரியும்? லென்ஸ் புடிக்கவே நான்தானே சொல்லிக் குடுத்தேன்!"

ப்ரூஃப் என்று எழுதினார். கோடு தெரியாத அதே கண்ணால் எழுதினார். அரக்கு மேசையில் சொட்டியது. சுரண்டி எடுத்தது நான்.

8-8-1971

அந்தக் காசைத் தமீம் பாய் வாங்கிவிட்டாராம். டோல்கேட் பக்கம் கப்பல் கயிறு விற்கிறவர். தாமோதரனை விட்டால் சங்கத்தில் பாய் ஒருவரைத்தான் எனக்கு முகம் தெரியும், காசு கொடுக்க வரும்போதெல்லாம் "நல்லாக் கீறீங்களாம்மா" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் வாங்கினார் என்றதும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால் இவருக்கு வேலை போகும்.

சொல்லவில்லை.

10-10-1971

வந்துவிட்டது. பம்பாயில் ஏதோ கண்காட்சிக்குத் தமீம் பாய் அந்தக் காசை அனுப்பியிருக்கிறார். மெருகேற்றிய சாதாரணக் காசு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசலிலேயே நின்று பேசினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஹென்றி சார், அங்க எல்லாரும் சிரிச்சிட்டாங்க. உங்க அட்டைய நம்பித்தானே எடுத்துகினு போனேன்."

இவர் தரையைப் பார்த்தபடி, "சங்கத்துல பேசிக்கலாம் பாய்" என்றார்.

7-11-1971, ஞாயிறு

காலையில், "நீயும் சங்கத்துக்கு வா" என்றார். ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். தன் கண்ணைப் பற்றியும் என்னைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறார். மனுஷன் மனசு மாறிவிட்டார். பெட்டியிலிருந்த நீலப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். முட்டாள். முட்டாள்.

கல்மண்டபம் வாசகசாலை மாடி. எல்லாம் ஆண்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். தாமோதரன் நடுவில். தமீம் பாய் காசையும் அட்டையையும் மேசையில் வைத்தார்.

இவர் எழுந்தார். "என் கண்ணு கொஞ்ச நாளா சரியில்ல. வூட்ல என் சம்சாரம்தான் பாத்துச் சொல்லும். அதை நம்பிட்டேன். அதுதான் ப்ரூஃப்னு சொல்லிச்சு, நான் எழுதினேன். தப்பு என்னுதுதான், பொம்பள பேச்சக் கேட்டது."

இத்தனை வருஷம் அந்த அட்டைகளில் ஒன்றில்கூட என் பேர் இல்லை. அத்தனையும் என் கண். முதல் தடவையாக என்னைச் சபையில் காட்டுகிறார், இதற்காக!

எழுந்துவிட்டேன். "நான் அப்படிச் சொல்லல. தேய்ச்ச காசுன்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். கோடு எங்க கீதுன்னு இப்பவே காட்டறேன், லென்ஸக் குடுங்க."

யாரும் கொடுக்கவில்லை. தாமோதரன் சிரித்தார். "வுடும்மா. இத்தினி பேரு எதுர வூட்டுக்காரரக் காட்டிக் குடுக்கறது நல்லாவா கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். தமீம் பாய் சிரிக்கவில்லை, குனிந்துகொண்டார். பாய்க்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து இவரே காசை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து டீ கொடுத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

திரும்பும்போது இவர் முன்னால் போனார். நான் பின்னால்.

8-11-1971

நீலப் பட்டுச்சேலையைப் பெட்டியில் திரும்ப வைத்தேன்.

16-11-1971

மீன்காரி சிலுவையம்மாள் கூடையை இறக்கும்போதே ஆரம்பித்தாள். "இன்னாக்கா, காசு பாக்கத் தெரியாம பாத்து அண்ணன மாட்டி வுட்டுட்டியாமே? தெருவே பேசிகினு கீது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல?"

சங்கரா மீன் வாங்க வந்தவள் ஒன்றும் வாங்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

5-12-1971

கோயில் வாசலில் தமீம் பாய் எனக்காகக் காத்திருந்தார். "நீங்க சொன்னதுதாம்மா நெசம். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அன்னிக்கு அங்கயே சொல்லியிருக்கலாமே பாய்?"

அவர் கயிறு வியாபாரத்துக்கு ஹார்பரில் தாமோதரன் தயவு வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன். நல்ல மனுஷன்தான். அதனால் யாருக்கு என்ன?

6-2-1972

எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்தது. இரண்டு கண்ணிலும் கட்டு. தலையை அசைக்கக் கூடாதாம். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினேன். வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டார், குஞ்சு மாதிரி. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. கை பாட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டில் அம்மாள், "குடுத்து வெச்சவரு உங்க வூட்டுக்காரரு" என்றாள்.

26-3-1972

தடிக் கண்ணாடி வந்துவிட்டது. காலண்டரில் நாள் படித்தார், எதிர்வீட்டு மாடியில் காயும் சேலையின் பூவை எண்ணினார். பிறகு அலமாரியைத் திறந்து அந்தப் பத்து ரூபாயை எடுத்து ஜன்னலுக்குப் போனார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைவதை நிறுத்தவில்லை.

வெகு நேரம் பார்த்தார். சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்து.

"கோடு தெரியுது எல்சி."

அவ்வளவுதான். மீதி வரும் என்று நின்றேன். தண்ணீர் சொட்டுகிற கையோடு நின்றேன். காசை உறையில் போட்டு வைத்துவிட்டு, "சாப்பாடு ஆச்சா?" என்றார்.

ஆச்சு என்றேன். உலைகூட வைக்கவில்லை.

9-4-1972, ஞாயிறு

சங்கத்துக்குப் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார். மறுபடியும் இவரையே சான்று எழுதச் சொல்லிவிட்டார்களாம். "கண்ணு வந்துடுச்சு, இனிமே தப்பு நடக்காது" என்று தாமோதரனே எழுந்து சொன்னாராம். கைதட்டினார்களாம். சால்வை வேறு.

சால்வையை மடித்து வைத்தபடி கேட்டேன். "சொன்னீங்களா?"

"எதை?" என்றார்.

நடிப்பு இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

12-6-1972

கான்வென்டில் சிஸ்டரைப் பார்த்தேன். தையல் டீச்சர் இடம் காலியாகத்தான் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் எடுக்கட்டுமா என்று நானே கேட்டேன்.

3-9-1972, ஞாயிறு

வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சுதந்திர வெள்ளி விழாவுக்கு அடித்த புதுப் பத்து ரூபாய் வந்திருக்கிறது, மேசை முழுக்க உறைகள். இவர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்தார், இறக்கினார். மறுபடி தூக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்சி, இதக் கொஞ்சம் பாரேன். தேய்ச்சதா, அடிச்சதே இப்படியான்னு வெளங்கல."

நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"பஸ் போயிடும்" என்றேன். குடையை எடுத்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. மாலையில் வந்து பார்த்தபோது எல்லா உறையிலும் அரக்கு காய்ந்திருந்தது.

அதில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.