எதிர் வீட்டில் ஆள் இல்லை

மார்ச் 4
நர்ஸ் காலி செய்துவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எங்கள் மாடியில் அவள் இருந்த எதிர் வீடு இன்னும் பூட்டியே கிடக்கிறது. அவள் இருந்தபோது நான் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பேசுவேன். அவள் தன் அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள். என் வீட்டுக்காரர் இறந்த வாரம் முழுக்க என் வீட்டில் அடுப்புப் பற்றவைத்தவளும் அவள்தான். கட்டடத்தின் புது உரிமையாளர் வந்து, என் முன்னாலேயே அவளிடம், "கறுப்பு ஆளுங்களுக்கு இனி வாடகைக்கு இல்ல" என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

மார்ச் 9
உரிமையாளரின் அலுவலக வாசலில் கறுப்பின இளைஞர்கள் அட்டை பிடித்து நிற்கிறார்கள். நூல் வாங்கப் போனவள், நானும் போய் நின்றுவிட்டேன். அவர்களுக்காக வழக்கு நடத்தும் வக்கீல் பெண் என் வெள்ளை முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் வர்றதில்லையே. நீங்க ஏம்மா வந்தீங்க?"
நியாயத்துக்காக என்று சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. "எதிர் வீட்டுல பேச ஆள் இல்லம்மா" என்றேன்.
சிரித்துவிட்டாள். ஒரு அட்டையை நீட்டினாள்.

மார்ச் 10
முழங்கால் வலி.

மார்ச் 21
தம்பி வந்து குதித்தான். "வம்ப விலைக்கு வாங்குறியா அக்கா? நாளைக்கு உன்னையும் வெளிய போன்னா எங்க போவே?"
என் நிறத்துக்காரியை அவ்வளவு சுலபமாகப் போகச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தானே நிற்கிறேன்? ஆனால் மேல்மாடி அம்மா பாதி தைத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே 6
கோர்ட்டில் சாட்சி சொன்னேன். அப்படிச் சொல்லவே இல்லை என்று உரிமையாளர் சாதித்தார். "சொன்னாருங்க, என் காதால கேட்டேன்" என்றேன். நர்ஸ் இதையே சொன்னபோது நிமிராத நீதிபதி, நான் சொன்னதும் பேனாவை எடுத்தார். சுருக்கென்றது.
வெளியே வந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். இளைத்துப்போயிருக்கிறாள். "ஜெயிச்சா வந்துடுவே இல்ல?"
"வரமாட்டேன்டி. அங்க மாடிப்படி ஏறுறப்பல்லாம் யார் என்ன சொல்லுவாங்களோன்னு நெஞ்சு அடிச்சுக்கும். உன் வாசலுக்கு வந்தாத்தான் மூச்சே வரும். இப்ப இருக்கிற இடத்துல அந்தத் தொல்லை இல்ல."
எத்தனை நாள் அவளோடு சேர்ந்து அந்தப் படி ஏறியிருக்கிறேன் — எனக்கு ஏன் தெரியாமல் போச்சு?

மே 7
அவள் வரப்போவதில்லை. பிறகு நான் யாருக்காக நிற்கணும்? அட்டை பிடிக்கப் போகவில்லை. மிஷினில் உட்கார்ந்தேன். ஒரே சட்டைக்கு இரண்டு வலது கை வைத்துத் தைத்திருக்கிறேன்.

மே 9
போனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 2
ஜெயித்துவிட்டோம். என்னையும் சேர்த்து 'ஜெயித்துவிட்டோம்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

செப்டம்பர் 18
எதிர் வீட்டில் ஒரு கறுப்பினத் தம்பதி குடிவந்திருக்கிறார்கள். பார்த்தால் தலையசைப்பதோடு சரி. பாட்டுச் சத்தம் மண்டையைப் பிளக்கிறது. நர்ஸிடம் போனில் குறைப்பட்டேன்; "நல்லா வேணும் உனக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.
ஆற்றுப் பக்கம் இன்னொரு கட்டடத்திலும் இதே கதையாம். காலையில் வரமுடியுமா என்று வக்கீல் பெண் கேட்டாள். சரி என்றேன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது.