தோற்ற வழக்கும் தெல்தோட்டை பஸ்ஸும்

அன்புள்ள அக்கா,

இன்று காலை கண்டிச் சந்தையில் ஒருவர் லீக்ஸ் கட்டை உதறி என் பைக்குள் வைத்தார். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் சிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் தெல்தோட்டை பஸ்ஸிலிருந்து உங்களுக்கு முன்னால் அந்த வாசனைதான் இறங்கும். நீங்கள் மறைந்து இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. உங்களளவுக்குப் பேரம் பேச எனக்கு இன்னும் வரவில்லை.

அப்போது நாம் அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை. உங்களை மலைப்பக்கத் தெல்தோட்டைக்கு மாற்றிய கடிதம் வந்தபோது மகளின் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. கணவர் வெளிநாட்டில். விடியுமுன் நீங்கள் பஸ் ஏறினால் கண்டி மஹய்யாவ வீட்டில் பிள்ளை தனி. வழக்குப் போடுவோம் என்று உங்களைச் சட்டத்தரணியிடம் இழுத்துப் போனதே நான்தான்.

அந்த யாழ்ப்பாணத்துத் தம்பி பொறுமையாகச் சொன்னார்: "அக்கா, ஆரை எங்க போடுறது எண்டது நிர்வாகத்தின்ர வேலை. கஷ்டமெண்டு மட்டும் சொன்னா கோட்ஸ் தலையிடாது. விதியை மீறினவை, இல்லாட்டிப் பழிவாங்க மாத்தினவை எண்டு காட்ட வேணும். உங்கட ஒஃபிஸ் பெரியவரோட ஏதும் பிரச்சினையோ?"

நான் முந்திக்கொண்டேன். "ஈக்கி, பிரச்சினை ஈக்கி! போன மாசம் லீவு விஷயத்துல ரெண்டு பேரும் சத்தம் போட்டாங்க."

"அப்ப கோட்ஸுக்குக் குடுக்கிற சத்தியக்கடதாசியில அதைப் போடுவம்" என்று அவர் பேனாவை எடுத்தார்.

நீங்கள் தலையை அசைத்து மறுத்தீர்கள். "அன்னைக்குச் சாயந்தரமே அவரு அதை மறந்துட்டாரு தம்பி. ரொம்ப வருசம் ஒரே எடத்துல இருந்த எல்லாரையும்தான் மாத்தியிருக்காங்க. பழி வாங்கினாருன்னு நான் எப்படிச் சத்தியம் பண்றது?"

எனக்கு வந்த கோபத்தில் பஸ் நிலையம் வரை விறுவிறுவென்று நடந்தேன். நீங்களோ கடலை வாங்கி என் கையில் திணித்துக்கொண்டே வந்தீர்கள்.

உள்ளதை மட்டும் எழுதி வழக்குப் போட்டீர்கள், தோற்றீர்கள். உங்கள் கஷ்டம் விளங்குகிறது, ஆனால் இதில் தலையிடத் தனக்கு இடமில்லை என்று நீதிபதி சிங்களத்தில் மென்மையாகவே சொன்னார். நீங்கள் வெளியே வந்து, தூணோரம் ஒதுங்கி நின்ற பெரியவரிடம் நேரே போனீர்கள்.

"சேர், தெல்தோட்டைக்கு எந்த பஸ்ஸுல போனா உக்காந்து போகலாம்?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு, சத்தியக்கடதாசியில் தன்னைத் திட்டிய இடத்தைத் தேடித் தேடிக் காணவில்லை என்றார். மகளுக்குப் பரீட்சை என்பதே அதை வாசித்துத்தான் தெரியுமாம். நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோட்ஸ் வரை ஓடிய நாம், பக்கத்து அறையில் இருந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை! பரீட்சை முடியும்வரை இடமாற்றத்தை ஒத்திவைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் சிபாரிசு செய்வேன் என்றார், செய்தார்.

பரீட்சை முடிந்ததும் சிணுங்காமல் பஸ் ஏறினீர்கள். பிறகு கண்டிக்குத் திரும்பிவரக் கட்டளை வந்தபோது எனக்கு ஃபோன் எடுத்தீர்கள்: "இங்க சனங்க விடமாட்டேங்குறாங்க. இதை நிறுத்த வழக்குப் போடலாமான்னு அந்தத் தம்பிகிட்ட கேளேன்!" நான் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில், பதில் சொல்லவே மறந்துபோனார்.

இப்போது இடமாற்றங்களுக்குக் கையெழுத்துப் போடுவது நான். போன வாரம் வத்தேகமக்கார ஊழியர் ஒருவர், தன் மாற்றத்துக்கு எதிராக வழக்குப் போடுவேன் என்று விறைப்பாக வந்து நின்றார். அவர் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"போடுங்க மகன், அது உங்கட உரிமை. அதுக்கு முன்னுக்கு எனக்கு ஒரு வார்த்தை செல்லுங்க. ஊட்டுல என்ன கஷ்டம்?"

அவர் தோள் தளர்ந்தது. மனைவிக்கு இது பிரசவ மாதம் என்றார். மாற்றத் தேதியைத் தள்ளி வைத்தேன்.

எழும்பும்போது, "இப்படி யாரும் கேட்டதில்லங்க மேடம்" என்றார். எனக்கு உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அது நீண்ட கதை. அவரை மறுபடி உட்காரச் சொல்லி, இரண்டு தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சொல்லத் தொடங்கினேன்.