முருகேசன் அண்ணன் வண்டி

டிசம்பர் 14, ஞாயிறு. ருவைஸ், அபுதாபி.

லிவா மணல்மேட்டுக்குப் போக ரெண்டு நாளைக்கு ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாடகைக்கு எடுத்தால் போதும் என்று சுமதி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒப்பந்தத்தைப் படித்தால், வண்டியை மணலில் இறக்கக்கூடாதாம். இறக்கினால் இன்சூரன்ஸ் கிடையாதாம். அப்புறம் எதற்கு அந்த வண்டி? எரிச்சலில், வாங்கியே விடலாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

சாயங்காலம் முருகேசன் அண்ணன் வண்டியைப் பார்க்கப் போனோம். என் பிளான்ட்தான் அவரும். அவருக்குக் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. விசா கேன்சல் ஆவதற்குள் வண்டியை விற்றாக வேண்டும். ஃப்ளோர் மேட்டில் அண்ணன் குடும்பம் கடைசியாகப் போய்வந்த லிவாவின் மணல் அப்படியே கிடந்தது. மகள் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "அப்பா, ஐ வான்ட் திஸ் ஒன்" என்று இறங்க மறுத்தாள்.

அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "உனக்கு கான்ட்ராக்ட் ரினியூவல் வந்துடுச்சாப்பா?"

பிளான்ட்டில் இப்போது சாப்பிட்டாச்சா என்றுகூட யாரும் கேட்பதில்லை, இதைத்தான் கேட்கிறார்கள். சுமதி பக்கத்திலேயே நின்றாள்.

"வந்துடுச்சுண்ணே."

ஏன் சொன்னேன்? ஒரு மெயிலும் வரவில்லை.

"நீயாவது இரு. நாளைக்கே பேர் மாத்திடலாம்" என்று சாவியை என் கையில் வைத்து அழுத்தினார்.

திரும்பும் வழியில் சுமதி ஊருக்கு போன் போட்டாள். "இவருக்கு நீட்டிச்சுட்டாங்கம்மா" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஏன் முதல்ல சொல்லல?"

"வண்டியோட சேர்த்துச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றேன்.