பாகாலின் பீடத்தில் தீப்பிடித்த வெள்ளை ஞாயிறு

அன்பு மகள் லிதியாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் மகள் பெனினாவும் சுகமாக இருக்கிறோம். என் முழங்காலில் தோல் உரிந்திருப்பதையும், தலையில் ஒரு வீக்கம் இருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன். ஆக்லாந்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நம் தீவு வீடுகளுக்குத் தூண்தான் உண்டு, சுவர் கிடையாது. நான் ஃபோனில் பேசினால் பெனினா கேட்பாள், உன் அம்மா நடுவில் திருத்துவாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தேகம் கேட்பார்கள். அதனால் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதி, போதகர் மைத்துனி அங்கே வருகிறாளே, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணன் சியாகியும் அண்ணி ஃபொலோலேயும் பெனினாவைத் தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு நீ அழுதுவிட்டு, அவளையே கேளுங்கள், அவள் சொல்வதுதான் முடிவு என்றாய். கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஃபொலோலே தங்கமானவள், பிள்ளையில்லாத வீடு, நம் சொந்தத்துக்குள் பிள்ளையைக் கொடுப்பதும் வாங்குவதும் காலம்காலமாக நடப்பதுதான். நானே பெரியப்பா வீட்டில் வளர்ந்தவன், குறையொன்றும் இல்லை. ஆனாலும் பெனினாவின் முகத்தைப் பார்த்து, உனக்கு எந்த அம்மா வேண்டும் என்று எப்படிக் கேட்பது? சாப்பிட்ட பிறகு கேட்கலாம் என்று இருப்பேன், சாப்பிட்டதும் தூக்கம் வந்துவிடும். உன் அம்மா என்னைக் கோழை என்றாள். சரி, நீ கேள் என்றேன். அவளுக்கு உடனே துணி துவைக்கிற வேலை வந்துவிட்டது.

இதற்கிடையில் பிள்ளைகளின் பண்டிகையான வெள்ளை ஞாயிறு வந்தது. உன் அம்மாதான் ஞாயிறு பள்ளி ஆசிரியை என்பதால் இந்த வருஷம் பிள்ளைகளுக்கு எலியாவும் பாகாலின் தீர்க்கதரிசிகளும் நாடகம். விக்கிரகத்தின் பின்னால் போகக்கூடாது, உண்மையான தேவனை விடக்கூடாது என்பது பிள்ளைகள் மனதில் ஆணியடித்த மாதிரி பதிய வேண்டுமாம். பதிந்தது என்னவோ நேர்மாறு. பாகாலின் கூட்டத்துக்கு நடனம் உண்டு, கையில் விசிறி உண்டு, கழுத்தில் மாலை உண்டு, அதனால் எல்லாப் பிள்ளைகளும் பாகால் பக்கம். எலியாவுக்கு நீண்ட வசனமும் ஒரு வெள்ளைச் சட்டையும்தான். பெனினா மட்டும் தானே வந்து, நான் எலியா, எங்கம்மா பார்க்க வருவாங்க என்று வாங்கிக்கொண்டாள். நீ வருவதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தாய். ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். பாகால் ஆட்களைக் கேலி செய்கிற இடத்தில், உங்க சாமி தூங்குறாரா, இல்ல ஆக்லாந்துக்குப் பயணம் போயிட்டாரா என்று உன் அம்மா ஒரு வரி சேர்த்திருந்தாள். ஒத்திகையில் அந்த வரிக்குத்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். லீவு கிடைக்கவில்லை என்று நீ ஃபோன் செய்த அன்றிலிருந்து அவள் அந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். நீ கூப்பிட்டால் ஃபோனுக்கும் வருவதில்லை. வயிற்றுவலி என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துக்கொள்.

நாடகம் கோயிலுக்கு வெளியே, புல்தரையில். போட்டிக்கு இரண்டு பலிபீடம், எந்தச் சாமி தன் பீடத்தில் நெருப்பை இறக்குகிறதோ அதுதான் கடவுள். காளைக்கு எங்கே போவது? காளை இருப்பது டின்னுக்குள்தானே என்று சொல்லி, ஒவ்வொரு பீடத்திலும் ஒரு பெரிய டின் மாட்டிறைச்சி வைத்துவிட்டாள் உன் அம்மா. எலியாவின் பீடத்துக்கு வேதத்தில் சொன்னபடி பன்னிரண்டு கல் வேண்டும் என்று என்னை ஓடைக்கு அனுப்பிப் பொறுக்க வைத்தாள், முழங்காலில் தோல் உரிந்தது அங்கே வழுக்கி விழுந்துதான். பாகாலின் பீடத்துக்குக் கல் வேண்டும் என்பதை மறந்தே போனாள். கடைசி நிமிஷத்தில் சியாகியைப் பார்த்து, எங்கேயாவது பத்துக் கல் கொண்டுவாடா என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஊரில் ஒருத்தன் கல்லுக்கு எங்கே போவான்? விடியலில் கல்லைச் சுடவைத்துப் பன்றியும் சேப்பங்கிழங்கும் வேகவைத்து எடுத்த கல்லடுப்புக்குத்தான் போவான். சாம்பல் மூடியிருந்த கல்லை, ஆறிவிட்டது என்று நினைத்து, மண்வெட்டியால் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தான். கல்லோடு கங்கும் வந்தது. அதன்மேல் காய்ந்த தேங்காய் மட்டை, காய்ந்த ஓலை, அதற்கும் மேல் நம் டின்.

என் வேலை என்ன என்று சொல்லவில்லையே. எலியாவின் பீடத்துக்குப் பின்னால் ஓலையை மூடிக்கொண்டு குப்புறப் படுத்திருந்து, பெனினா ஜெபித்து முடித்ததும் மண்ணெண்ணெய்த் துணிக்குத் தீ வைக்க வேண்டும். வானத்திலிருந்து இறங்கும் அக்கினி நான்தான். ஆண்டவருக்கு உதவிக்கு ஆள் வைக்கலாமா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு படுங்கள் என்றாள் உன் அம்மா.

பாகால் கூட்டம் ஆட ஆரம்பித்தது. ஆடினால் சும்மா ஆடுமா, பீடத்தைச் சுற்றிச் சுற்றி விசிறியால் வீசிக்கொண்டே ஆடியது. முதலில் புகை. அப்புறம் ஒரு தீ எழும்பியது பார், ஆளுயரம். பாகாலின் தீர்க்கதரிசிகளே பயந்து நாலு பக்கமும் ஓடினார்கள். போதகர் எழுந்து நின்றுவிட்டார். சியாகி மட்டும் அந்தத் தீக்குள் கம்பை விட்டு டின்னை வெளியே தள்ளினான், வெடித்துவிடும் என்ற பயமா, வீணாகிவிடும் என்ற பயமா என்று இன்னும் தெரியவில்லை. உபதேசியார் மகன் லோமி, ஆறு வயதுப் பொடியன், திரும்பி வந்து தீயைப் பார்த்துவிட்டு, எங்க சாமி ஜெயிச்சிருச்சு என்று கைதட்டினான். அவ்வளவுதான், பிள்ளைகள் அத்தனை பேரும் கைதட்ட ஆரம்பித்தார்கள். உன் அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஊர் மொத்தத்தையும் விக்கிரகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நின்றவள் மாதிரி நின்றாள்.

அடுத்து எலியா. பீடத்தின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது. ஒத்திகையில் வெறும் குடத்தைக் கவிழ்த்தார்கள். தீயைப் பார்த்து மிரண்டிருந்த பையன்களோ அன்றைக்கு வாளி வாளியாக நிஜத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பாதி பீடத்தின்மேல், பாதி என்மேல். ஒரு வாளி தண்ணீரோடு தலையில் வந்து விழுந்தது. பெனினா கையை உயர்த்தி ஜெபித்தாள். நான் தீக்குச்சியை உரசினேன், மாவு மாதிரி உதிர்ந்தது. மறுபடி ஜெபித்தாள், மறுபடி உரசினேன். ஒன்றும் இல்லை. அவள் குனிந்து ஓலைக்குள் என்னைப் பார்த்தாள். தாத்தா தொப்பலாகக் கிடப்பதைக் கண்டு புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து நின்றாள். லோமிக்குப் பாவமாகப் போய்விட்டது போல, கூப்பிட்டான்: “அக்கா, இங்க வந்துரு. இங்கதான் நெருப்பு இருக்கு.”

அதற்கு அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன், லிதியா. “வரமாட்டேன் போடா. எங்கம்மாவையும்தான் கூப்பிட்டேன், அவங்களும் வரல. அதுக்காக வேற யாரையாச்சும் அம்மான்னு கூப்பிடுவேனா? இவர்தான் கடவுள். நெருப்பு வர்றப்ப வரட்டும்.”

நாடகத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை. உன் அம்மா உட்கார்ந்துவிட்டாள். முன்வரிசையில் இருந்த ஃபொலோலேயின் கை விசிறியோடு அப்படியே நின்றது. எனக்கு ஓலைக்கடியில் அழுகை வந்துவிட்டது. முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பாகால் கூட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக, மாலையைக் கழற்றாமலே, அவள் பக்கம் வந்து நின்றார்கள். லோமி கடைசியாக வந்தான், தீயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. போதகர் பெரிய பிரசங்கம் வைத்திருந்தார், அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஜெபிப்போம் என்று மட்டும் சொன்னார்.

அன்று பிள்ளைகளுக்குத்தானே முதல் பந்தி. பெரியவர்கள் பரிமாறும்போது ஃபொலோலே பெனினாவின் தட்டில் பன்றியின் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தாள். பிறகு என்னிடம் வந்து, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் மாமா, எனக்கு வருத்தமில்லை, நான் அத்தையாகவே இருக்கிறேன் என்றாள். வருத்தம் இருந்தது. இருந்தும் அப்படிச் சொன்னாளே, அவளுக்கு நீ ஒரு வார்த்தை எழுத வேண்டும்.

ஆக, அவளைக் கேட்கச் சொன்னாய், நான் கேட்கவில்லை, ஊரைக் கூட்டி அவளே சொல்லிவிட்டாள். கொடுப்பது வாங்குவது என்ற பேச்சு இனி இந்த வீட்டில் கிடையாது. ஆனால் இதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதே. வருகிறபோது வரட்டும் என்று சொன்ன பிள்ளை, படகு வருகிற சாயங்காலமெல்லாம் இன்னும் துறைமுகப் பக்கம்தான் விளையாடப் போகிறாள். ஏன் அங்கே என்று கேட்டால், அங்கே காற்று நல்லா வருது என்கிறாள்.

உன் வேலையையும் உன் கையையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பார். நீ பார்த்துக்கொள்கிற அந்த வயதானவர்களிடம் கோபப்படாதே, எனக்கும் வயதாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஞாயிறு கோயிலுக்குப் போக மறக்காதே. கிறிஸ்துமஸுக்கு லீவை இன்றைக்கே எழுதிக் கொடு. ஆண்டவர் தம் நேரத்தில் வருவார், அவரை யாரும் அவசரப்படுத்த முடியாது. நீ டிக்கெட் எடுத்தால்தான் வர முடியும் மகளே, எடு.

இப்படிக்கு, முத்தங்களோடும் ஜெபத்தோடும்,
உன் அப்பா அபினேரு