கம்ப்யூட்டர் சென்டர்

ஆவணி 14, சனி

எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா ஒக்கூரிலிருந்து இன்று சொல்லாமல் கொள்ளாமல் என் கடைக்கே வந்துவிட்டார். பெண் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள் என்றுதான் அப்பா அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை. கேம் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்.

எல்லா சிஸ்டத்திலும் காலேஜ் பையன்கள். ஹெட்செட் மாட்டிய ஒருவன், "செத்தேன்டா, யாராச்சும் வந்து காப்பாத்துங்கடா" என்று கத்தினான். அந்த அம்மா பதறி எழுந்துவிட்டார்.

"பயப்படாதீக, டெஸ்ட்டு வச்சிருக்கோம்" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நான் உழைத்துப் போட்ட கடை. எதற்கு ஒளிக்க வேண்டும்?

அப்பா காபி வாங்கப் போனதும் அவர் என் பக்கம் திரும்பி, "மணிக்கு எவ்வளவுத்தா வாங்குறீக?" என்றார்.

"அறுபது ரூபா, அத்தை."

தலையை ஆட்டிக்கொண்டார். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கம்ப்யூட்டர் வகுப்புக்கு யாரும் மணிக்கு எவ்வளவு என்று கேட்பதில்லை. அந்தத் தலையாட்டல் சரி என்றா, வேண்டாம் என்றா?

"நல்லவேளை, அவுகளுக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு அப்பா குறட்டை விடுகிறார்.